சாமி பல்பு

பிள்ளை டாக்டர் சொன்ன தேதியில் பிறந்திருந்தால் இத்தனை கூத்தும் நடந்திருக்காது. ஆனால் எந்தப் பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறது? பின்கட்டில் புது அறையைக் கட்டி, வெள்ளையடித்து, லைட்டு மாட்டி, பால் காய்ச்சி முடித்த பிறகு மகள் முத்துப்பிரியாவுக்கு வலி எடுக்கட்டும் என்று சந்திரவல்லி மனசுக்குள் வரிசை போட்டு வைத்திருந்தாள். பேரன் அந்த வரிசையை மதிக்கவில்லை. சுவரில் ஈரம் காய்வதற்குள் தேனி ஆஸ்பத்திரியில் வந்து இறங்கி, போடி வரைக்கும் கேட்கிற மாதிரி கத்திவிட்டான்.

சந்தோஷம்தான். மகளுக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் சம்பந்தியம்மாள் இருந்தாள். ஏலக்காய் கோடவுனில் தன்னோடு உட்கார்ந்து காய் பொறுக்குகிற பெண்கள் எல்லோருக்கும் சந்திரவல்லி மிட்டாய் கொடுத்தாள். கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து அறையைப் பார்த்ததும்தான் நாள் கணக்கு உறைத்தது. நாளைக்கு மகளையும் பிள்ளையையும் அனுப்பிவிடுவார்கள். அறையில் கட்டில் இருக்கிறது, தொட்டில் கட்ட மேலே கம்பி இருக்கிறது, கதவு இருக்கிறது. வெளிச்சம் மட்டும் இல்லை. தகரம் போட்ட அறை, ஜன்னலோ சின்னது. மலையில் ஆவணி மழை பிடித்துக்கொண்டதால் கீழேயும் நாள் முழுக்கச் சாரலும் மூட்டமும். பட்டப்பகலில் உள்ளே போனாலே கட்டிலில் முழங்காலை இடித்துக்கொள்ள வேண்டும். பச்சை உடம்புக்காரி ராத்திரியில் எழுந்து பிள்ளை முகத்தை எப்படிப் பார்ப்பாள்?

வயர்மேன் பிரபுவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, நா மலைக்கு மேல கெடக்கேன். எஸ்டேட்டு ஸ்டோர்ல மோட்டார் புகைஞ்சு போச்சு. பறிச்ச காயெல்லாம் ஈரத்தோட குமிஞ்சு கெடக்கு. இத விட்டுட்டு வந்தா மொதலாளி என்னையத் தட்டுல பரப்பிக் காய வச்சிருவாரு."

"அதுவரைக்கும் எம்பேரன் இருட்டுல கெடக்கணுமாடா?"

"பச்சப் பிள்ளக்கா. அதுக்கு இருட்டென்ன வெளிச்சமென்ன, இன்னும் கண்ணே முழிச்சிருக்காது."

"நீ நல்லா இருப்படா," என்று போனை வைத்தாள். அவள் அப்படிச் சொன்னால் வாழ்த்து இல்லை என்பது பிரபுவுக்கும் தெரியும்.

வீட்டுக்காரன் கோட்டைச்சாமி ஜீப்பு ஓட்டுகிறவன். விடியுமுன் காய் பறிக்கப் போகும் பெண்களை அள்ளிக்கொண்டு வளைவு வளைவாய் மலையேறி, எஸ்டேட்டில் தள்ளிவிட்டு, சாயங்காலம் திரும்ப அள்ளிக்கொண்டு வருவான். எந்தச் சிக்கலுக்கும் ஒரே வார்த்தையில் மருந்து சொல்கிற ஆள். இதற்கும் மலையிலிருந்தே போனில் சொன்னான்.

"இதுக்கு எதுக்குடி ஒயர்மேன்? எம் மாப்ள இருக்கான்ல."

மாப்ள என்றது சந்திரவல்லியின் கூடப்பிறந்த ஒரே தம்பி முத்துக்கண்ணனை. பூப்பாறைப் பக்கத்து எஸ்டேட்டில் ஏலக்காய் காய வைக்கிற ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறான். மலையிலேயே தேவியைக் கட்டி, மலையிலேயே பிள்ளை பெற்று, பேச்சிலும் நாலு மலையாள வார்த்தையைக் கலந்துகொண்டவன். அடுப்பு, ஃபேன், மோட்டார் என்று நாளெல்லாம் அவற்றோடுதான் புழங்குகிறான். வயர் வேலை தெரியுமா என்றால், தெரியும். பிரபு மாதிரி ஆட்களுக்கு ஏணி பிடித்தே கற்றுக்கொண்டது. ஏணி பிடிக்கிறவனுக்கு மேலே நடப்பதில் பாதிதான் தெரியும் என்பது வேறு விஷயம்.

மத்தியானம் காலி ஜீப்பில் அவனைக் கூட்டிக்கொண்டு கோட்டைச்சாமி வந்து சேர்ந்தான். வரும் வழியிலேயே வயர், பைப்பு, ஹோல்டர், டியூப் லைட்டு எல்லாம் வாங்கியாகிவிட்டது. சந்திரவல்லி கருவாட்டுக் குழம்பும் கேப்பைக்களியும் எடுத்து வைத்தாள். முத்துக்கண்ணன் களியைக் குழம்பில் முக்கி விழுங்கிக்கொண்டே கேட்டான்.

"பய யாரு சாடைக்கா?"

"ஒங்க மச்சான் மூக்கு. மத்ததெல்லாம் நம்ம பக்கம்."

"மூக்கு மட்டுந்தான் எனக்காடி?" என்றான் கோட்டைச்சாமி.

"அது போதாதா? அதுவே பாதி மூஞ்சிய அடைச்சுக் கெடக்கு."

முத்துக்கண்ணனுக்குப் புரை ஏறியது. தலையில் தட்டிவிட்டாள். அவன் சிரிப்பதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கும். தாய் தகப்பன் போன பிறகு பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சம் இருப்பது இந்தச் சிரிப்பு ஒன்றுதான்.

"வெரசா முடிச்சிட்டு சாயங்கால ஜீப்புல ஏத்தி விட்ரணும்க்கா. தேவி காலையிலயே சொல்லி விட்டா. பாப்பாவுக்கு ரெண்டு நாளா பனி. மருந்து வாங்கிட்டுப் போவணும்." காய்ச்சலை அவன் பனி என்றுதான் சொல்வான்.

வீட்டில் சாமி ரூம் கதவு சாத்திக் கிடந்தது. பிள்ளை பிறந்த சேதி வந்ததுமே சாத்தியது. தீட்டுக் கழியும் வரை அதைத் திறக்கக் கூடாது, விளக்கேற்றக் கூடாது. உள்ளே ஒரு சின்னச் சிவப்பு பல்பு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். அதற்குச் சுவிட்சு கிடையாது. மாமனார் மொக்கையன் உயிரோடு இருந்தபோது போட்டது. சீசனுக்குக் குடும்பத்தோடு மலையேறி எஸ்டேட்டு லயத்து வரிசை வீட்டில் தங்கப் போகிற காலங்களில், கடைசியாக வெளியே வருகிறவள் சந்திரவல்லிதான். மெயினை இறக்கிவிட்டு வீட்டைப் பூட்டும்போது சாமி ரூம் கதவுக்கு அடியில் அந்தச் சிவப்பு தெரியும். வீடு இருட்டில் கிடந்தாலும் சாமி முழித்திருக்கிறது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புவாள். கல்யாணமாகி வந்த வருசத்திலிருந்து பார்க்கிறாள். ஏன் எரிகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

கை கழுவிவிட்டு வேலை ஆரம்பமானது. எங்கிருந்து லைன் எடுப்பது என்பதில்தான் முதல் பேச்சு.

"அடுப்படி பிளக்குல இருந்து இழுத்து விட்று மாப்ளே. பக்கம்," என்றான் கோட்டைச்சாமி.

"வேணாம் மச்சான். மிக்சி, கிரைண்டரு, ஃபிரிட்ஜு எல்லாம் அதுலதான் தொங்குது. அக்கா மாவாட்டுனா உள்ள லைட்டு கண்ணடிக்கும். லைட்ட லைட்டு லைன்லதான் எடுக்கணும்."

பேச்சு சரியான பேச்சு. பிரபு கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பான். ஹாலிலிருந்து புது அறைப் பக்கம் போகிற சுவரில், சாமி ரூம் வாசல்படிக்கு நேர் மேலே, வயர்கள் ஒன்று சேர்கிற பெட்டி ஒன்று இருந்தது. முத்துக்கண்ணன் இரும்பு ஸ்டூலைப் போட்டு ஏறி மூடியைக் கழற்றிப் பார்த்தான்.

"ரெண்டு லைன் வருது மச்சான். ஒண்ணு ஹால் லைட்டு, நூலு மாதிரி இருக்கு. இன்னொண்ணு பழைய ஒயரு. நல்ல தடி. இப்ப எவன் இப்பிடிச் செம்பு போடுறான்?"

"எங்கப்பா காலத்துச் சாமான்டா," என்றான் கோட்டைச்சாமி. தகப்பன் பேரில் யாராவது ஒரு நல்ல வார்த்தை சொன்னால் அவனுக்குத் தோள் அகலமாகிவிடும்.

"அப்ப இதுலயே எடுத்துருவோம். பின்னால ஒரு ஃபேனு போட்டாலும் தாங்கும்."

"எடு எடு."

அந்தத் தடி வயர் எங்கே போகிறது என்று கேட்க வேண்டியவனும் கேட்கவில்லை, சொல்ல வேண்டியவனும் சொல்லவில்லை.

புது அறையில் பைப்பு அடித்து, ஹோல்டரும் டியூப் லைட்டும் மாட்டி, வயரைப் பெட்டி வரைக்கும் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் வெளியே சாரல் கனத்தது. தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை. மலைப்பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. முத்துக்கண்ணன் பின்கட்டிலிருந்து ஈரக்காலோடு உள்ளே வந்தான்.

"மச்சான், மெயின எறக்கிருங்க."

கோட்டைச்சாமி முன்வாசலுக்குப் போய் மெயினை இறக்கினான். ஹால் ஃபேன் நாலு சுற்று சுற்றி நின்றது. அடுப்படியில் ஃபிரிட்ஜு ஒரு தரம் குலுங்கி அடங்கியது.

"ஹால் சுவிட்சப் போட்டுப் பாருக்கா."

போட்டாள். எரியவில்லை.

முத்துக்கண்ணனுக்கு அது போதும். ஸ்டோரில் ஒரே ஒரு பெரிய கைப்பிடிதான். அதை இறக்கினால் மோட்டார், ஃபேன், லைட்டு எல்லாம் மொத்தமாகப் படுத்துவிடும். அப்புறம் எந்த வயரையும் கயிறு மாதிரிப் பிடிக்கலாம். அந்தப் பழக்கம். டெஸ்டர் அவன் சட்டைப்பையில்தான் இருந்தது, பேனா மாதிரி.

"நா இங்கனயே நிக்கிறேன் மாப்ளே," என்று வாசலிலிருந்து கோட்டைச்சாமி கத்தினான். "எமனே வந்து கேட்டாலும் மெயினப் போட விட மாட்டேன்."

ஸ்டூலில் ஏறப்போனவன் ரப்பர் செருப்பை நடையிலேயே கழற்றிப் போட்டான்.

"ஈரக்காலுடா. செருப்போட ஏறு," என்றாள் சந்திரவல்லி.

"சாமி வாசல்ல செருப்போடயா? நல்லா சொன்னக்கா."

அவளுக்கும் அது சரியென்றே பட்டது. தீட்டு வேறு, செருப்பும் வேறா?

ஏறி நின்றான். பெட்டிக்குள் கையை விட்டுத் தடி வயரின் இணைப்பை வெளியே இழுத்தான். மேலே பழைய டேப்பு, வருசக்கணக்கில் வெந்து கெட்டியாகிப் போன டேப்பு. நகத்தால் ஒரு நுனியைக் கிளப்பினான். அது துண்டு துண்டாகத்தான் உரிந்தது. பெட்டி விளிம்பில் வைத்திருந்த திருகாணி ஒன்று அவன் முழங்கை பட்டு விழுந்து, தரையில் உருண்டு, சாமி ரூம் கதவோரம் போய் நின்றது.

"அக்கா, அந்த ஸ்க்ரூவ எடு."

தீட்டு நாளில் அந்தக் கதவுக்கு அவ்வளவு கிட்டே போகலாமா என்று ஒரு நிமிசம் யோசித்தாள். அப்புறம் கதவில் படாமல் குனிந்தாள். ஹால் முழுக்க மழையிருட்டு. கதவுக்கு அடியில் சிவப்பாக ஒரு கோடு. திருகாணியின் தலைகூடச் சிவப்பாக மின்னியது. சந்திரவல்லிக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. இத்தனை அல்லோலகல்லோலத்திலும் சாமி முழித்திருக்கிறது. இடது கையில் திருகாணியை எடுத்துக்கொண்டு, வலது கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"கண்ணா, சாமி எரியுதுடா."

"எரியட்டும்க்கா. நல்லதுதான."

அவன் அடுத்த துண்டு டேப்பை உரித்தான். இன்னும் ஒரு சுற்றுதான் பாக்கி. அதற்குக் கீழே செம்பு.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. சந்திரவல்லி திருகாணியை நீட்டினாள். நீட்டின கை பாதியில் நின்றது. என்னவோ தப்பாக இருக்கிறது, என்ன என்றுதான் தெரியவில்லை. நின்றுபோன ஃபேனைப் பார்த்தாள். சுவிட்சைப் பார்த்தாள். திரும்பக் கதவுக்கு அடியில் பார்த்தாள். மேலே தம்பியின் நகம் அந்தக் கடைசிச் சுற்றைத் தேடிக்கொண்டிருந்தது.

"டேய்," என்றாள். கையிலிருந்த திருகாணியால் கதவடியைக் காட்டினாள். "மெயின எறக்கியாச்சு. சாமி எப்பிடிடா எரியுது?"

முத்துக்கண்ணனின் விரல் நின்றது. அவன் கீழே பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தான். மெதுவாக, ஒவ்வொரு விரலாக வயரை விட்டான். கையை இரண்டு பக்கமும் அகற்றி வைத்துக்கொண்டு, எதிலும் படாமல், பின்பக்கமாகக் கால் துழாவி இறங்கினான். நடைக்குப் போய்ச் செருப்பை மாட்டினான். பிளாஸ்டிக் சேர் ஒன்றை இழுத்துப் போட்டு ஏறி, பையிலிருந்து டெஸ்டரை எடுத்து, கடைசிச் சுற்று டேப்பு விண்டிருந்த ஓரத்தில் வைத்தான். டெஸ்டருக்குள் சின்னதாக ஆரஞ்சு வெளிச்சம் எரிந்தது.

"எப்படி மாப்ளே, முடிஞ்சதா?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

கோட்டைச்சாமி காவலை விட்டுவிட்டு உள்ளே வந்தான். மச்சினன் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். பெண்டாட்டி கையில் ஒரு திருகாணியை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அந்த ஒயர்ல கரண்டு இருக்கு மச்சான். மெயினுக்கு முந்தியே எடுத்திருக்கு. மீட்டர்ல இருந்து நேரா. ஃபீஸும் இல்ல, ஒரு மயிரும் இல்ல."

கோட்டைச்சாமியின் கண் பெட்டிக்குப் போகாமல் நேரே அந்தச் சிவப்புக் கோட்டுக்குப் போனது. அவன் முகம் மாறியதைச் சந்திரவல்லி பார்த்தாள்.

"ஒங்களுக்குத் தெரியும்," என்றாள்.

"அது... எங்கண்ணன் ஜீப்பு உருண்டு காலு போச்சுல்ல. அந்த வருசம் மெயின எறக்கிப் பூட்டிட்டுப் போனதுல சாமி இருட்டுல கெடந்துச்சு, அதான் இப்பிடி ஆச்சுன்னு அப்பா ஒரே பொலம்பல். எந்த ஒயர்மேனையோ கூட்டியாந்து, மெயின எறக்குனாலும் சாமி அணையாத மாதிரி போடச் சொன்னாரு. நாந்தான் டார்ச்சு பிடிச்சேன்."

"டார்ச்சு பிடிச்சவருக்கு வாயத் தொறந்து சொல்ல முடியலயா?"

"தெரியும்டி. தோணல. சாமி ஒயர கரண்டு ஒயருன்னு நெனக்கவே தோணல."

அவளுக்கு வந்த கோபத்துக்கு அந்த ஸ்டூலைத் தூக்கி அவன் தலையில் போட்டிருப்பாள். ஆனால் வருசா வருசம் மெயினை இறக்கிவிட்டு அந்தச் சிவப்பைப் பார்த்துக் கும்பிட்டது யார்? தோணாதது அவனுக்கு மட்டுமா?

"எனக்கும்தான் தெரியும்," என்று சொல்லிக்கொண்டு தம்பி பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "டெஸ்டர சட்டப்பையில என்ன மயிருக்குடா வச்சிருந்த? மாப்பிள்ள மிடுக்குக்கா?" இன்னொரு அடி. அடித்த கையை எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. தேவி.

"மதினி, சோலி முடிஞ்சிருச்சா? ஜீப்பு ஏறிட்டாரா? பாப்பா அப்பா வேணும்னு ஒரே அழுக."

"இங்கதான் இருக்கான் தாயி," என்றாள் சந்திரவல்லி. "பக்கத்துலதான் இருக்கான். நல்லா இருக்கான். இப்ப அனுப்பிர்றேன். சுடுகஞ்சி வச்சுக் குடு பிள்ளைக்கு."

போனை வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மகளுக்கு வலி எடுத்தபோதுகூட அவள் அழவில்லை. நாளைக்குப் பேரனைக் கையில் வாங்குகிற வீட்டில் இன்றைக்கு என்ன நடந்திருக்கும் என்று நினைக்க நினைக்க அடங்கவில்லை. ஆண்கள் இரண்டு பேரும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் எழுந்து வரக்காப்பி போட்டு மூன்று பேருக்கும் ஊற்றினாள். கருப்பட்டி போட மறந்துவிட்டாள். ஒருவரும் கேட்கவில்லை.

பிரபுவுக்கு முத்துக்கண்ணனே போன் போட்டுச் சொன்னான். பிரபு மோட்டாரை விட்டுத் தள்ளி வந்து பேசினான்.

"மூடியப் போட்டுத் திருகுங்க. ஒருத்தரும் கிட்ட போகாதீக. கோட்டைச்சாமி அண்ணன் காலைல முத லோடு எறக்குனதும் என்னைய ஏத்திக்கிறட்டும். மொதலாளி கெடக்காரு."

"சாமி லைன மாத்தணுமாடா?" என்று கோட்டைச்சாமி போனை வாங்கிக் கேட்டான். "அப்பா போட்டது. இத்தன வருசம் ஒண்ணும் ஆகலயே. அத அப்பிடியே விட்டுட்டு, புது ரூமுக்கு ஹால் லைன்ல எடுத்துட்டா என்ன?"

பிரபு என்ன சொன்னானோ, அதற்குள் சந்திரவல்லி போனைப் பிடுங்கிவிட்டாள்.

"அதெல்லாம் மாத்து. சாமிக்கும் ஒரு ஃபீஸு போடு."

"ஏ வல்லி, அப்புறம் மெயின எறக்குனா சாமி..."

"அணையட்டும். மாமாவுக்கு அவரு பெத்த பிள்ள காலு போன வருத்தம், போட்டாரு. அதுக்காக நா பெத்தவளும் எங்கூடப் பொறந்தவனும் எரியணுமா? எந்தச் சாமி கேட்டுச்சு?"

கோட்டைச்சாமி, மச்சினனுக்கும் மருந்துக்கும் நேரமாகிறது என்று ஜீப்பை எடுத்தான்.

மறுநாள் காலையில் பிரபு வந்தான், கரண்டு ஆபீஸ் லைன்மேனையும் கூட்டிக்கொண்டு. லைன்மேன் கம்பத்தில் ஃபீஸைப் பிடுங்கிவிட்டு, வீட்டுக்குள் வந்து பழைய வயரைப் பார்த்து, மொக்கையனை நாலு வார்த்தை வைதான். செத்தவரை வைய வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஃபீஸைப் பிடுங்கின பிறகும் பிரபு தொட வேண்டிய ஒவ்வொரு வயரிலும் டெஸ்டரை வைத்துப் பார்த்தான். அதற்கும் முன்னால், லைன்மேன் ஏறுவதற்குள் கரண்டு இருக்கிற பிளக்கில் வைத்து டெஸ்டரே எரிகிறதா என்று பார்த்துக்கொண்டான்.

"மெயின் எறங்குனா எல்லாம் எறங்கிருச்சுன்னு நம்பக் கூடாதுக்கா. கை வைக்கப்போற ஒயருகிட்டத்தான் கேக்கணும்."

"கேட்டா சொல்லுமா?"

"கேக்காட்டி அதுவே சொல்லிரும்."

சாமி பல்பின் லைனை மெயினுக்குப் பின்னால் கொண்டுவந்து ஃபீஸ் போட்டான். தடி வயரை உருவிச் சுருட்டி மூலையில் போட்டான். புது அறைக்கு ஹால் லைட்டு லைனிலேயே, மெலிசு வயரை எடுத்துவிட்டுப் புது வயர் மாற்றி, எர்த்தும் சேர்த்து இழுத்தான். சாமி ரூம் கதவைத் திறக்க வேண்டிய வேலை வரவில்லை.

சாயங்காலம் முத்துப்பிரியா பிள்ளையோடு வந்து இறங்கினாள். ஆலம் சுற்றிக் கொட்டி, உள்ளே கூட்டிப்போய், சந்திரவல்லி புது அறைச் சுவிட்சைப் போட்டாள். டியூப் லைட்டு ஒரு தரம் சிமிட்டிப் பிடித்துக்கொண்டது. வெள்ளைச் சுவரும் பிள்ளை முகமும் பளிச்சென்று தெரிந்தன. பேரன் முகத்தைச் சுளித்துக்கொண்டு கண்ணைத் திறந்து பார்த்தான். பிரபு சொன்னது பொய்.

"நல்ல வெளிச்சம்மா," என்றாள் மகள். "மாமா வந்து போட்டாரா?"

"வந்தான்," என்றாள்.

பிள்ளையை மகள் மடியில் கொடுத்துவிட்டு ஹாலுக்கு வந்தாள். கோட்டைச்சாமி ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். சாமி ரூம் கதவுக்கு அடியில் அதே சிவப்புக் கோடு. நின்று பார்த்தாள். வழக்கமாகக் கன்னத்துக்குப் போகிற கை இன்றைக்குப் போகவில்லை. நேரே முன்வாசலுக்குப் போய் மெயினை இறக்கினாள்.

வீடு மொத்தமும் இருண்டது. திரும்பி வந்து, கதவில் படாமல், நேற்றுத் திருகாணி கிடந்த இடத்தில் குனிந்து பார்த்தாள். அடியில் கோடு இல்லை. தரை தரையாக இருந்தது. அந்த வீட்டில் அவள் வந்த நாளிலிருந்து முதல் முறையாக அங்கே ஒன்றுமே தெரியவில்லை. பயம் வரும் என்று நினைத்தாள். வரவில்லை.

"எம்மா! கரண்டு போச்சா?" என்று உள்ளேயிருந்து முத்துப்பிரியா கூப்பிட்டாள்.

"போகலடி. நாந்தான் எறக்குனேன்."

"எதுக்கு?"

"சாமி அணையுதான்னு பாத்தேன்," என்று சொல்லிவிட்டு, சந்திரவல்லி திரும்ப மெயினைப் போடப் போனாள்.